சர்வதேச கீதத்துக்கு மெட்டமைத்த தொழிலாளி

மே தினக் கூட்டங்களிலும் மாநாட்டுப் பந்தல்களிலும் நாம் எழுந்து நின்று சர்வதேச கீதம் பாடுகிறோம். சங்கத்துக்காக ஆயுள் முழுதும் உழைத்த தோழர் ஒருவரை அடக்கம் செய்யும்போதும் அதையே பாடுகிறோம். நாம் தமிழில் பாடுகிறோம். ரஷ்யர் ரஷ்ய மொழியிலும், சீனர் சீன மொழியிலும் பாடுகிறார்கள். சொற்களை எழுதியவர் யார் என்று கேட்டால், பாரிஸ் கம்யூன் வீரர் யூஜீன் போத்தியே என்று கட்சி வகுப்புக்குப் போய்வந்த வாலிபர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். மெட்டுப் போட்டவர் யார்? இதற்குப் பதில் வருவது அபூர்வம். நினைத்துப் பார்த்தால் விசித்திரம்தான். சொற்கள் நாட்டுக்கு நாடு மாறிவிட்டன. மாறாமல் உலகத்தைச் சுற்றி வருவது மெட்டு ஒன்றே. ஆனாலும் அந்த மெட்டைத் தந்தவரின் பெயர்தான் மறந்துபோயிற்று.

அவர் பெயர் பியேர் டிகெய்ட்டர். அவர் பேர்பெற்ற சங்கீத வித்வான் அல்ல. மரம் செதுக்கி ஜீவனம் நடத்திய தொழிலாளி. தாம் போட்ட மெட்டு தம்முடையதுதான் என்று நிலைநாட்ட 18 ஆண்டுகள் வழக்கில் அலைந்தவர். அந்த வழக்கில் அவருக்கு எதிரே நின்றது ஆலை முதலாளி அல்ல, கூடப் பிறந்த தம்பி. தம்பிக்குப் பின்னால் நின்றவர்களோ முதலாளிகளும் அல்ல, பிற்போக்கர்களும் அல்ல. இதைச் சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பியேர் 1848-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி பெல்ஜியம் நாட்டில் கெண்ட் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் பஞ்சாலைத் தொழிலாளர்கள்; வேலை எங்கே கிடைக்குமோ அங்கே குடிபோகிறவர்கள். பையனுக்கு ஏழு வயதாகும்போது குடும்பம் எல்லை தாண்டி வட பிரான்சிலுள்ள லீல் நகரத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்நாளைய லீல் எப்படிப்பட்ட ஊர்? நூலும் துணியும் நெய்து குவித்த ஊர். நெய்தவர்கள் குடியிருந்ததோ தரைக்குக் கீழே, ஜன்னலில்லாத நிலவறைகளில். 1851-ல் மகாகவி விக்தர் யூகோ அந்த நிலவறைகளில் தாமே இறங்கிப் பார்த்துத் திகைத்துப்போனார். எட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை ஆலையில் வைக்கக் கூடாது என்று பிரான்சில் 1841-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் இருந்தது, அதை அமல் நடத்துவாரைத்தான் காணோம். சிறுவன் பியேர் ஆலைக்குப் போனான். பள்ளிக்கூடம் என்பது அவனுக்குப் பகலில் வாய்க்கவில்லை. எழுத்துக் கற்றதெல்லாம் வேலை முடிந்த பிறகு, தொழிலாளர்களுக்காக நடந்த இரவு வகுப்பில்தான்.

16 வயதில் அவர் லீல் நகரத்துக் கலைக்கூடத்தில் இரவு மாணவராகச் சேர்ந்தார். சித்திரம் வரையக் கற்றார், சங்கீதமும் கற்றார். சித்திரம் வயிற்றுக்கு உதவிற்று. பீவ் என்ற பகுதியில் ரயில் எஞ்சின் செய்யும் பெரிய தொழிற்சாலை இருந்தது. அங்கே அவருக்கு மரவேலை கிடைத்தது. இரும்பை உருக்கி ஊற்றுமுன் மணலில் அச்சுப் பதிக்க மரத்தில் ஒரு மாதிரி வேண்டும் அல்லவா? நம் ஊர்ப் பவுண்டரித் தொழிலாளிகள் ‘பேட்டர்ன்’ என்பார்களே, அதைச் செதுக்குகிற வேலை. ஒரு நூல் பிசகினாலும் வார்ப்பு முழுவதும் பாழ். கண்ணும் கையும் கணக்கும் ஒன்றுசேர வேண்டிய தொழில் அது. அவருடைய மெட்டைக் கேட்கும்போது, இது அளவெடுத்துச் செதுக்கிய கை என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

சங்கீதம் வயிற்றுக்கு உதவவில்லை. ஆனால் தோழர்களுக்கு உதவிற்று. லீல் நகரத்தில் பிரெஞ்சுத் தொழிலாளர் கட்சிக்காரர்கள் ஒரு பாடகர் குழு வைத்திருந்தார்கள். ‘உழைப்பாளர் யாழ்’ என்பது அதன் பெயர். பகலெல்லாம் ஆலையிலும் பட்டறையிலும் வேலை. மாலையில் கூடிப் பாட்டு. டிகெய்ட்டர் அதில் முக்கியமானவர்.

பாட வேண்டும் என்றால் எதைப் பாடுவது? பிரெஞ்சுத் தொழிலாளி நெடுங்காலம் மார்செய்யேஸ் கீதத்தைத்தான் பாடிவந்தான். மன்னனை வீழ்த்திய புரட்சியில் பிறந்த பாட்டு அது. ஆனால் 1879-ல் அதுவே குடியரசின் அரசாங்க கீதம் ஆகிவிட்டது. துரைமார் விருந்திலும் அதே பாட்டு. பட்டாளத்து அணிவகுப்பிலும் அதே பாட்டு. தொழிலாளிக்கென்று தனியாக ஒரு பாட்டு வேண்டாமா என்று லீல் தோழர்கள் எண்ணியதில் ஆச்சரியமில்லை.

பாட்டு ஏற்கெனவே இருந்தது. யாரும் பாடாமல் ஏட்டில் கிடந்தது. அதை எழுதிய போத்தியே 1816-ல் பாரிசில் பிறந்தவர். சாமான்களைப் பெட்டியில் கட்டும் தொழிலாளியின் மகன். துணிகளுக்குச் சித்திரம் வரைந்து பிழைத்தவர். 1871-ல் பாரிஸ் தொழிலாளிகள் தங்கள் கம்யூனை அமைத்தபோது அதன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மே மாதக் கடைசி வாரத்தில் கம்யூன் ரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. தெருத் தெருவாகச் சுட்டுத் தள்ளினார்கள். போத்தியே தலைமறைவாக இருந்தபடியே ஜூன் மாதம் சர்வதேச கீதத்தை எழுதினார். கூட இருந்தவர்களெல்லாம் மாண்டு கிடக்கும் வேளையில், ஒப்பாரி வைக்காமல், எழுந்து நில் என்று எழுதிய நெஞ்சுரத்தை என்னென்பது! பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா என்று அகதியாக அலைந்தார். மரண தண்டனை அவர் தலைமேல் தொங்கிற்று. பொது மன்னிப்புக்குப் பின் 1880-ல் தாயகம் திரும்பி, 1887 நவம்பரில் வறுமையில் கண்ணை மூடினார். அந்த 1887-ம் ஆண்டில்தான் அவருடைய புரட்சிப் பாடல்கள் நூலாக வெளிவந்தன.

அந்த நூலின் பிரதி ஒன்று லீல் போய்ச் சேர்ந்தது. 1888 ஜூலையில் குஸ்தாவ் தெலோரி என்ற கட்சித் தலைவர் அதை டிகெய்ட்டரிடம் கொடுத்து, நம் குழு பாட மெட்டுப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். தெலோரியும் ஆலையிலிருந்து வந்தவர்தான். வாசகர்கள் இந்தப் பெயரை நினைவில் வைக்க வேண்டும், மீண்டும் வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் தொழிலாளிக்குச் சொந்தம். நம் நாடகக் கொட்டகைகளில் இருந்த கால் ஆர்மோனியம் போன்ற ஒரு பெட்டியின் முன் டிகெய்ட்டர் உட்கார்ந்தார். மெட்டு உருவாயிற்று. தம்பி அடோல்பைக் கூப்பிட்டு பியூகிளில் ஊதிக் காட்டச் சொன்னார். வெட்டவெளியில், ஊர்வலத்தில், ஊதுகுழலில் வாசித்தால் எப்படி ஒலிக்கும் என்று தெரிய வேண்டுமே! கேட்டுவிட்டு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திருத்தினார். அவ்வளவுதான். தம்பிக்கும் அந்த மெட்டுக்கும் இருந்த சம்பந்தம் அந்த ஊதல் மட்டுமே.

மெட்டின் தன்மையைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் சங்கீத விமர்சகர் அல்ல. பாடியவர்கள் என்ற முறையில் சொல்கிறோம். எடுத்த எடுப்பிலேயே குரல் தாவி ஏறுகிறது; உட்கார்ந்துகொண்டு பாட முடியாது. தாளம் நடை போடும் காலுக்குப் பொருந்துகிறது. சரணத்தை ஒருவர் பாடினாலும் பல்லவியை எல்லோரும் சேர்ந்துதான் பாட வேண்டும், அப்படி அமைந்திருக்கிறது. பயிற்சி பெற்ற சாரீரம் தேவையில்லை. எட்டு மணி நேரம் தறியின் முன் நின்று தொண்டை வறண்டவனும் பாடலாம். மேதைகள் போட்ட எத்தனையோ மெட்டுகளுக்கு வாய்க்காத குணம் இது.

1888 ஜூலை 23-ந் தேதி லீல் நகரத்தில் பத்திரிகை விற்பவர்களின் சங்க விழாவில் ‘உழைப்பாளர் யாழ்’ குழு அதைப் பாடியது. அரண்மனை மண்டபத்தில் அல்ல, ஒரு சாராயக் கடைக் கூடத்தில்! ஆறாயிரம் துண்டுப் பிரதிகள் அச்சிட்டார்கள். மெட்டமைத்தவர் என்ற இடத்தில் ‘டிகெய்ட்டர்’ என்று குடும்பப் பெயரை மட்டும் போட்டார்கள். பியேர் என்று போட்டால் ஆலை நிர்வாகம் கண்டுகொள்ளும், சீட்டுக் கிழித்துவிடும் என்ற முன்யோசனை. அந்த ஊரில் டிகெய்ட்டர் என்ற பெயர் ஒருவருக்கு மட்டுமா?

முன்யோசனை பலிக்கவில்லை. நிர்வாகத்துக்கு மூக்கு நீளம். வேலை போயிற்று. மற்ற ஆலைகளின் கதவும் மூடிக்கொண்டது. எஞ்சினுக்கு மாதிரி செதுக்கிய கை, கிடைத்த சில்லறை வேலையெல்லாம் செய்தது, சவப்பெட்டிகூடச் செய்தது. ஆனால் போடாமல் விட்ட அந்தப் ‘பியேர்’ என்ற பெயர், காப்பாற்ற நினைத்த வேலையைக் காப்பாற்றாமல் போனதோடு நிற்கவில்லை. பின்னால் அவரையே கவிழ்த்தது.

இது நிற்க. பாட்டு என்னவாயிற்று? முதல் சில வருஷங்கள் அது வட பிரான்சைத் தாண்டவில்லை. போத்தியேயின் ‘கிளர்ச்சிக்காரன்’ பாட்டுக்கும் டிகெய்ட்டர் மெட்டமைத்தார், அதுவும் பாடப்பட்டது. 1894-ல் சர்வதேச கீதத்தை மறுபடி வெளியிட்ட வடநாட்டு ஆசிரியர் ஒருவர் மீது அரசாங்கம் பாய்ந்தது. படைவீரனும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டும் என்று அறைகூவும் சரணம் ஒன்று அதில் உண்டு. அதற்காக அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். சிறைக்குப் போன பாட்டுக்கு ஊரில் மவுசு கூடும் என்பதை அரசாங்கங்கள் எப்போதுதான் கற்றுக்கொண்டன? 1896-ல் தொழிலாளர் கட்சியின் மாநாடு லீல் நகரிலேயே கூடிற்று. வெளிநாட்டுப் பிரதிநிதிகள் அங்கே கேட்டார்கள். ஊருக்கு எடுத்துப் போனார்கள். 1899-ல் பாரிசில் கூடிய பிரெஞ்சு சோஷலிஸ்டுகளின் மாநாட்டில் முழங்கிற்று. 1902-ல் ஆர்க்காதி கோத்ஸ் அதை ரஷ்ய மொழியில் ஆக்கினார். 1910-ல் கோபன்ஹேகனில் கூடிய அகிலத்தின் மாநாட்டில் ஒலித்தது.

பாட்டு இப்படிப் பரவப் பரவ, அச்சுப் பிரதி விற்க விற்க, இது யாருடைய சொத்து என்ற கேள்வி கிளம்பிற்று. 1901-ல் தம்பி அடோல்ப், மெட்டுப் போட்ட டிகெய்ட்டர் நான்தான் என்று உரிமை கொண்டாடினான். பிரதியில் குடும்பப் பெயர்தானே இருக்கிறது! லீல் நகரத்துக் கட்சித் தலைமை அவன் பக்கம் நின்றது. அப்போது லீல் நகரத்தின் மேயர் யார்? 1888-ல் நூலைக் கையில் கொடுத்து மெட்டுக் கேட்ட அதே தெலோரி. 1896-ல் அந்நகரத்தின் முதல் சோஷலிஸ்ட் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும், மெட்டுப் போட்டவர் யார் என்று.

பியேர் மனம் வெறுத்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு பாரிசை அடுத்த சான்-தெனி என்ற தொழிலாளர் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தார். 1904-ல் வழக்குப் போட்டார். பத்து வருஷம் இழுத்தது. காசில்லாத மனிதர், கையில் சாட்சியக் காகிதம் இல்லை, சாட்சி சொல்ல வேண்டிய தோழர்கள் வாய் திறக்கவில்லை, திறந்தவர்கள் எதிர்ப்பக்கம் பேசினார்கள். 1914-ல் தீர்ப்பு வந்தது. சர்வதேச கீதத்தின் மெட்டு அடோல்புடையது என்று! உலகத் தொழிலாளரெல்லாம் பாடிக்கொண்டிருந்த அதே வேளையில், பாட்டைப் பெற்றவர் கோர்ட்டில் பொய்யர் என்று பேர் வாங்கி வீடு திரும்பினார்.

அந்த ஆண்டே மகா யுத்தம் மூண்டது. லீல் நகரத்தை ஜெர்மன் படை பிடித்துக்கொண்டது. அண்ணன் போர்முனைக்கு இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். 1916-ல் அடோல்ப் தூக்குப் போட்டுக்கொண்டு செத்தான். அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தான். யுத்தம் முடிந்த பிறகே அது பியேர் கைக்கு வந்தது.

கடிதத்தில் இருந்த விஷயம் இது: தான் ஒருபோதும் மெட்டுப் போட்டதில்லை, தெலோரி கொண்டுவந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டது உண்மை, தான் நகரசபையில் வேலை பார்த்தவன், அவரோ மேயர், மறுத்தால் வேலை போய்விடும் என்று பயந்து போட்டுவிட்டான்.

இதைப் படித்த பிறகு அடோல்பை வெறுக்க நம்மால் முடியவில்லை. அண்ணன் ஒருநாள் வேலைக்குப் பயந்து தன் பெயரைப் பாதி மறைத்தார். தம்பி ஒருநாள் வேலைக்குப் பயந்து இல்லாத உரிமைக்குக் கையெழுத்துப் போட்டான். அண்ணனைப் பயமுறுத்தியது முதலாளியின் ஆலை. தம்பியைப் பயமுறுத்தியது தொழிலாளர் கட்சி நடத்திய நகரசபை. நம் கோபமெல்லாம் இந்த இரண்டாவதன் மீதுதான். தொழிலாளியின் ஓட்டினால் நாற்காலியில் அமர்ந்தவர் முன்னிலும் ஒரு தொழிலாளி வேலைக்குப் பயந்து நடுங்கினான் என்றால், அந்த நாற்காலி எதற்கு? தெலோரி லீல் நகரத்துக்கு நன்மைகள் செய்தவர் என்பதை நாம் மறுக்கவில்லை. அதைக் கொண்டு இதை மூடிவிட முடியாது. எதிரி செய்தால் கொடுமை, நம்மவர் செய்தால் உட்கட்சி விஷயம் என்று தள்ளிவிடுகிற தோழர்கள், சான்-தெனியில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்த அந்தக் கிழவரின் நிலையில் தங்களை வைத்துப் பார்க்கட்டும்.

கடிதத்தின் பலத்தில் மேல் கோர்ட்டில் வழக்கு மீண்டும் நடந்தது. 1922-ல் மெட்டு பியேர் டிகெய்ட்டருடையதே என்று தீர்ப்பாயிற்று. அப்போது அவருக்கு 74 வயது. மெட்டுப் போட்டு 34 வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் ரஷ்யாவில் புரட்சி நடந்து, 1918 முதல் அங்கே அந்தப் பாட்டே அரசாங்கத்தின் கீதமாக ஆகியிருந்தது. 1922-ல் அமைந்த சோவியத் யூனியனும் அதையே தன் கீதமாகக் கொண்டது; 1944-ல் வேறு கீதம் வரும்வரை அப்படியே இருந்தது.

தீர்ப்பு வந்ததால் பணக்காரர் ஆகிவிட்டாரா என்றால், இல்லை. 1920-ல் பிரெஞ்சு சோஷலிஸ்ட் கட்சி இரண்டாகப் பிளந்தபோது டிகெய்ட்டர் கம்யூனிஸ்டுகள் பக்கம் சேர்ந்தார். இத்தனை பட்டும் இயக்கத்தின் மேல் அவருக்கு வெறுப்பு வரவில்லை. நம்மை வியக்க வைப்பது இதுதான். சான்-தெனி நகரசபை வாடகையில்லாமல் இருக்க வீடு கொடுத்தது. 1920-களின் கடைசியில் சோவியத் அரசு அவரை மாஸ்கோவுக்கு அழைத்துக் கௌரவித்தது. உபகாரச் சம்பளமும் அளித்தது. லீல் நகரத்துச் சாராயக் கடைக் கூடத்தில் அரங்கேறிய மெட்டை, ஒரு மாபெரும் நாட்டின் கீதமாகப் பட்டாள வாத்தியங்கள் முழங்க அவர் தம் காதால் கேட்டார். இந்தப் பாக்கியம் போத்தியேக்குக் கிட்டவில்லை. தம் பாட்டு இந்த மெட்டில் எப்படி ஒலிக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. மெட்டுப் பிறப்பதற்கு எட்டு மாதம் முன்பே போய்விட்டார். ஒரே பாட்டின் இரண்டு கர்த்தாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

1932 செப்டம்பர் 26-ந் தேதி பியேர் டிகெய்ட்டர் சான்-தெனியில் காலமானார். சவ ஊர்வலத்தில் 50,000 பேர் நடந்தார்கள் என்று கணக்கு. லீல் நகரத்திலும், அவர் மாதிரி செதுக்கிய பீவ் பகுதியிலேயே, இன்று ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயர்.

மெட்டின் உரிமைக் கதை அவரோடு முடியவில்லை. ஆசிரியர் இறந்தபின் 70 ஆண்டு உரிமை நீடிக்கும் என்பது பிரெஞ்சுச் சட்டம். யுத்த காலங்களுக்காக இன்னும் சில ஆண்டுகள் கூட்டிக்கொள்ளலாம். 2005-ல் பாரிசில் ஒரு சினிமா டைரக்டருக்குக் காகிதம் வந்தது. அவர் எடுத்த சிறு படத்தில் ஓர் ஆள் சர்வதேச கீதத்தைச் சில விநாடிகள் சீட்டியடிக்கிறான். அனுமதி பெறவில்லை, ஆகவே 1,000 யூரோ கட்டு என்று. வேலையிழந்து சவப்பெட்டி செய்து பிழைத்த காலத்தில் அதே மெட்டுக்காக ஒரு செப்புக்காசு அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்ததில்லை. அந்த உரிமைக் காலம் 2017 அக்டோபரில் முடிந்தது. அன்று முதல் பிரான்சிலும் யார் வேண்டுமானாலும் அதைச் சீட்டியடிக்கலாம்.